அத்தை கட்டிய ஊருக்கு எத்தனை கோர்?

அவனை எல்லோரும் 'டன்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஏசி மெக்கானிக். யார் வீட்டுக்கு ஏசி மாட்டப் போனாலும் முதலில் டேப்பை எடுத்து அறையை அளப்பான். வெயில் எந்த ஜன்னல் வழியாக வருகிறது என்று பார்ப்பான். பிறகு, "இந்த ரூமுக்கு ஒரு டன் போதும் சார், ஒன்றரை எதுக்கு?" என்பான். விற்கிறவர்கள் எல்லாம் பெரியதைத் தலையில் கட்டப் பார்க்கும்போது மாட்ட வருகிறவனே சின்னது போதும் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? அந்த ஒரு வாக்கியத்தில் அவனுக்குத் தொழிலும் ஓடியது, பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது.

அப்படிப்பட்டவன் தனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டி வந்தபோது மட்டும் டேப்பைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டான்.

வீட்டில் எட்டு வருடம் உழைத்த கம்ப்யூட்டர் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் 'டப்' என்று ஒரு சத்தம் போட்டு, கருகிய வாடையை வெளியே விட்டு, அடங்கிப்போனது. அப்போது வீட்டில் இருந்தவர் அத்தை மட்டும்தான். அத்தை என்றால் அவன் மனைவியின் அம்மா. நகரமைப்பு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வரைபடம் வரைந்துவிட்டு ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாக மகளோடும் மருமகனோடும் இருக்கிறார்.

"மாப்பிள்ளை, பெட்டி போயிடுச்சு" என்று போனில் சொன்னார் அத்தை.

ஏணி மேல் நின்றிருந்த டன்னுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்தப் பெட்டி அத்தை? நகைப் பெட்டியா?"

"அது போனா போகுது. கம்ப்யூட்டர் பெட்டி."

டன்னுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. வெளியே காட்டிக்கொள்ளாமல், "அடடா" என்றான். பழையது உயிரோடு இருக்கும்வரை புதியது வாங்க வீட்டில் அனுமதி கிடைக்காது என்பது அவனுக்குத் தெரியும். வாரத்தில் நான்கு நாள் சாயங்காலம் அவனும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து இணையத்தில் சுடும் விளையாட்டு ஆடுவார்கள். பாழடைந்த கட்டடங்களுக்குள் எதிரணி ஒளிந்திருக்கும், இவர்கள் தேடிப் பிடித்துச் சுட வேண்டும். அந்த ஐந்து பேரில் ஒருவர் பல் டாக்டர். போன மாதம்தான் அவர் புது கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கியதிலிருந்து, "நம்மகிட்ட இருக்கறது டாப் மாடல் பிராசசர்ப்பா" என்று சொல்லாமல் ஒரு ஆட்டம்கூடத் தொடங்கியதில்லை. பிராசசர் என்பது கம்ப்யூட்டரின் மூளை. கோர் என்பது அந்த மூளைக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆட்கள் மாதிரி. நடுத்தர ரகத்தில் ஆறு பேர் என்றால், டாக்டருடையதில் பதினாறு பேர். இந்தப் பதினாறுதான் டன்னின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே சாப்பாட்டு மேசையில் பேச்சை எடுத்தான்.

"வாங்கறதுதான் வாங்கறோம், டாப் மாடலாவே வாங்கிடலாம். பதினாறு கோர்."

அவன் மனைவி கண் மருத்துவமனையில் நர்ஸ். எதையும் இரண்டு முறை கேட்டுத்தான் நம்புவாள். "பதினாறா? எதுக்கு?"

"எதுக்குன்னா... பின்னாடி தேவைப்படும்ல?"

"ஏங்க, பத்துக்குப் பத்து ரூமுக்கு ரெண்டு டன் கேட்டு ஒருத்தர் வந்தாரே, 'பின்னாடி ரூமை இடிச்சுப் பெருசாக்குவேன்'னு சொன்னாரே, அவரைப் பத்தி ஒரு வாரம் சிரிச்சீங்களே."

"அது வேற, இது வேற."

"எப்படி வேற?"

டன் தண்ணீர் குடித்தான். அத்தை தலையைத் தூக்காமல், "உள்ளே இருந்ததெல்லாம் திரும்ப எடுக்க முடியுமா மாப்பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். எடுக்கலாம் என்றான் டன். அதற்குப் பிறகுதான் அத்தை இரண்டாவது கவளத்தை வாயில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு ட்யூட்டி. டன் தன் வேனில் கிளம்பினான். அத்தையும் கூடவே வந்து ஏறிக்கொண்டார். பழைய பெட்டியைத் துண்டால் சுற்றி மடியில் வைத்திருந்தார். பின்னால் கேஸ் சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் வைக்கலாமே என்று டன் சொன்னதற்கு, "குலுங்கும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். வழியில் வேகத்தடை வந்தபோதெல்லாம் பெட்டியை ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்தார். சீட்டாட்டம், மெயில், அப்புறம் ஏதோ வீடு கட்டுகிற விளையாட்டு, இதற்குப் போய் இவ்வளவு பாசமா என்று டன் மனதுக்குள் நினைத்துக்கொண்டான்.

கடை ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. கீழே செருப்புக் கடை, மேலே கம்ப்யூட்டர் கடை. படியேறும்போது தோல் வாடை, ஏறி முடித்ததும் சூடான பிளாஸ்டிக் வாடை. கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கொண்டையில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் செருகியிருந்தார். பேசிக்கொண்டே அதை உருவுவார், ஒரு திருகைக் கழற்றுவார், பேச்சை நிறுத்தாமல் திரும்பச் செருகிக்கொள்வார்.

டன் மூன்று நாளாகப் பார்த்த வீடியோக்களின் பலத்தில், மாடல் எண்ணை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தான்.

கடைக்காரம்மா கேட்டுக்கொண்டார். "சரி தம்பி. என்ன கேம் ஆடுவீங்க?"

சொன்னான்.

"மானிட்டர் புதுசா?"

"இல்ல, பழசு நல்லாத்தான் இருக்கு. அதையே வச்சுக்கலாம்னு..."

"அப்ப அது நொடிக்கு அறுபது படம் காட்டும். அதுக்கு மேல காட்டாது. உங்க கேமுக்கு நடுத்தர பிராசசரே நூத்தி இருபதுக்கு மேல தள்ளும். டாப் மாடல் நூத்தி எண்பது தள்ளும். மிச்சத்தை எங்க வச்சுப் பார்ப்பீங்க?"

டன்னுக்குச் சுருக்கென்றது. தான் ஊரெல்லாம் சொல்கிற வசனத்தைத் தன்னிடமே ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்! ஆனாலும் விடவில்லை. "நம்பரெல்லாம் சரிம்மா. கையில பிடிச்சா ஒரு உணர்வு இருக்கில்ல? மவுஸைத் தொட்டாலே எனக்குத் தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சிடுமா?" என்றார் கடைக்காரம்மா. கண்ணில் ஒரு குறும்பு வந்தது. "அப்ப வாங்க, தொட்டே பார்த்துடலாம்."

சுவரோரமாக ஒரு நீள மேசையின் கீழே இரண்டு பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. திரையில் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டு இரண்டிலும் ஒன்றேதான். ஒன்றில் மட்டும் டாப் மாடல் பிராசசர், மற்றதில் நடுத்தரம். கடைக்காரம்மா ஒரு பழைய படுக்கை விரிப்பை எடுத்து மேசையிலிருந்து தொங்கவிட்டார். பெட்டிகள் மறைந்துவிட்டன. மேலே இரண்டு மானிட்டர்கள் மட்டும் தெரிந்தன, இரண்டும் டன் வீட்டில் இருப்பது போல நொடிக்கு அறுபது படம் காட்டுகிறவை.

டன் இடது பக்கம் பத்து நிமிடம் ஆடினான். வலது பக்கம் பத்து நிமிடம் ஆடினான். மறுபடி இடது பக்கம் வந்தான். உண்மையைச் சொன்னால் அவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கடையில் இருந்த வேறு இரண்டு மூன்று பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அத்தை ஒரு ஸ்டூலில், மடியில் பெட்டியோடு, தேர்வு அறைக் கண்காணிப்பாளர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் டன்னுக்குத் தொழில் கைகொடுத்தது, அல்லது கொடுத்ததாக நினைத்தான். பெரிய பிராசசர் அதிகச் சூடாகும் என்று எல்லா வீடியோவிலும் சொல்லியிருந்தார்கள். சூட்டைக் கண்டுபிடிக்கிற வேலையில் அவனுக்குப் பதினைந்து வருட அனுபவம். செருப்பை மெதுவாகக் கழற்றினான். விரிப்புக்கு அடியில் காலை நீட்டி, இடது பெட்டியின் பின்பக்கம் பாதத்தைக் காட்டினான். அனல் அடித்தது. வலது பெட்டிக்குக் காட்டினான். இளஞ்சூடுதான். முகத்தில் ஒரு ஞானியின் களை வந்தது.

"இடது பக்கம்தான் டாப் மாடல்" என்றான். "என்னமா வழுக்கிக்கிட்டுப் போகுது! சந்தேகமே இல்ல."

கடைக்காரம்மா விரிப்பைத் தூக்கினார். டன்னின் ஒற்றைக் கால் செருப்பில்லாமல் இடது பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. எல்லோரும் முதலில் காலைப் பார்த்தார்கள். பிறகுதான் பெட்டியைப் பார்த்தார்கள்.

"இடது நடுத்தரம்" என்றார் கடைக்காரம்மா. "அதுல கூடவே வர்ற சின்ன ஃபேன்தான் போட்டிருக்கேன், அதான் சூடு. வலது பக்கம் டாப் மாடலுக்குப் பெரிய கூலர் மாட்டியிருக்கு. நீங்க என்ன தொழில் தம்பி?"

"ஏசி மெக்கானிக்" என்று அத்தை ஸ்டூலிலிருந்தே பதில் சொன்னார்.

அதற்கப்புறம் எழுந்த சிரிப்பைப் பற்றி விவரிக்காமல் விடுவதே டன்னுக்குச் செய்கிற உதவி. செருப்பு வேறு விரிப்புக்குள் எங்கேயோ போய்விட்டது, குனிந்து தேட வேண்டியிருந்தது.

ஆனால் கடைக்காரம்மா நல்ல மனுஷி. தோற்றவனைத் தோற்றவனாகவே வீட்டுக்கு அனுப்ப அவருக்குப் பிடிக்காது. "கவலைப்படாதீங்க. நடுத்தர பிராசசர் போட்டா, மிச்சமாகறதுல பெரிய கிராபிக்ஸ் கார்டா போடலாம். மூணு ஃபேன் வச்சது. இதோ பாருங்க, இவ்வளவு நீளம்" என்று முழங்கை வரை காட்டினார். டன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். செங்கல் மாதிரி கனத்தது. ஓரத்தில் விளக்கு எரியும் என்றார் கடைக்காரம்மா. பல் டாக்டரிடம் இவ்வளவு நீளக் கார்டு இல்லை. ஐந்து நிமிடத்தில் டன் நடுத்தர பிராசசரின் பரம பக்தனாகிவிட்டான். பக்கத்தில் நின்ற ஒருவரிடம், "டாப் மாடலெல்லாம் வெத்து ஜம்பம் சார், நமக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு போதும்" என்றுகூடச் சொன்னான்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். பில் போடுவதற்கு முன்னால் கடைக்காரம்மா, "பழைய பெட்டியில எதாவது எடுக்கணுமா?" என்று கேட்காமல் இருந்திருந்தால் முடிந்திருக்கும்.

அத்தை எழுந்து வந்தார். துண்டை அவிழ்த்தார். கடைக்காரம்மா கொண்டையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை உருவி, பெட்டியைத் திறந்து, ஹார்டு டிஸ்க்கைக் கழற்றித் தன் மெஷினில் மாட்டினார். உள்ளே இருந்ததெல்லாம் திரையில் வரிசையாக வந்தது. கல்யாணப் போட்டோக்கள். டன்னின் பில் புத்தக ஸ்கேன்கள். அதற்குக் கீழே 'ஊர்' என்று ஒரு ஃபோல்டர். திறந்தால், ஊர் 1, ஊர் 2, ஊர் 3 என்று தொடங்கி ஊர் 214 வரை போனது.

"இது என்னம்மா?" என்றார் கடைக்காரம்மா.

"என் ஊரு" என்றார் அத்தை. "ஒவ்வொரு வாரமும் ரெண்டு காப்பி எடுத்து வச்சுப்பேன். ஆபீஸ் பழக்கம்."

அது நகரம் கட்டுகிற விளையாட்டு. காலி நிலம் ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். ரோடு போட்டு, தண்ணீர் கொண்டுவந்து, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் நாமே ஏற்பாடு செய்தால், ஜனங்கள் குடிவருவார்கள். சரியாகச் செய்யாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

"எத்தனை பேர் இருக்காங்க உங்க ஊர்ல?"

"போன புதன்கிழமை கணக்குக்கு மூணு லட்சத்து நாப்பதாயிரம்" என்று அத்தை சாதாரணமாகச் சொன்னார்.

கடைக்காரம்மா ஸ்க்ரூடிரைவரைச் செருக மறந்து கையிலேயே வைத்திருந்தார். "மூணு லட்சமா! அந்தப் பழைய பெட்டியிலயா? எப்படிம்மா ஓடுச்சு?"

"எங்க ஓடுச்சு? தவழ்ந்துச்சு. ஊர்ல ஒரு நாள் போறதுக்குள்ள சாம்பார் வச்சு இறக்கிடுவேன்."

டன்னுக்கு ஏதோ உறைத்தது. வியாழக்கிழமை அந்தப் பெட்டி எதனால் உயிரை விட்டது என்பதும் லேசாகப் புரிந்தது.

கடைக்காரம்மாவுக்கு ஆர்வம் தாங்கவில்லை. அந்த விளையாட்டை இரண்டு பெட்டிகளிலும் ஏற்ற ஆரம்பித்தார். ஏறி முடிய அரை மணி நேரம் ஆகும் என்றது திரை. அந்த அரை மணி நேரமும் ஒருவரும் கடையை விட்டுப் போகவில்லை. டீ வந்தது. அத்தை டீயைக் கையில் வைத்தபடியே, தன் ஊரில் கழிவுநீர் எந்தப் பக்கம் போகிறது என்று ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

முதலில் நடுத்தரப் பெட்டியில் போட்டார்கள். ஊர் திரையில் விரிந்தது. டன் அதைச் சரியாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இரண்டு வருடமாகப் பின்னால் போகும்போதும் வரும்போதும் ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். ஆறு ஒன்று வளைந்து போனது. அதன் மேல் ஏழு பாலம். மரங்கள் வைத்த தெருக்கள், எந்தத் தெருவில் நின்றாலும் நடந்து போகிற தூரத்தில் ஒரு பஸ் நிறுத்தம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் எதுவும் நகரவில்லை. பஸ்கள் நின்றன, ஒரு எட்டு வைத்தன, மறுபடி நின்றன. மேலே இருந்த கடிகாரம் காலை ஏழு மணியிலேயே உட்கார்ந்துவிட்டது. ஊரே தெருவில் நின்று யாருக்கோ காத்திருப்பது போல இருந்தது.

"கிராபிக்ஸ் கார்டு சும்மாதான் இருக்கு" என்று கடைக்காரம்மா திரை ஓரத்தில் ஏறாமல் கிடந்த ஒரு கோட்டைக் காட்டினார். "பிராசசர்தான் நுரை தள்ளுது. படம் வரையறது கஷ்டமில்ல. மூணு லட்சம் பேரும் காலையில எழுந்து, எந்த வழியா போறது, எந்த பஸ் பிடிக்கறதுன்னு யோசிக்கறாங்க பாருங்க. அந்த யோசனை மொத்தமும் பிராசசர் தலையிலதான் விடியுது."

பிறகு டாப் மாடல் பெட்டியில் போட்டார்கள்.

கடிகாரம் ஓடியது. பஸ்கள் கிளம்பின. பாலங்களின் மேல் வண்டிகள் எறும்பு வரிசையாகப் போயின. பள்ளிக்கூட வாசலில் கும்பல் சேர்ந்து உள்ளே கரைந்தது. அத்தை டீ டம்ளரைக் கீழே வைத்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரைக்கு அருகே குனிந்தார்.

"போறாங்க" என்றார். "மாப்பிள்ளை, எல்லாரும் போறாங்க பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. அத்தை சுட்டுவிரலால் கிழக்குப் பக்கம் ஒரு வளைந்த சாலையைத் தொட்டார். "இந்தச் சுற்றுச்சாலையை ஆபீஸ்ல பதினோரு தடவை வரைஞ்சேன். பதினோரு அதிகாரி மாறினாங்க. ஒவ்வொருத்தரும் 'புதுசா வரைங்க'ன்னாங்க. ஒருத்தர்கூடப் போடல. இதுல முதல் நாளே போட்டுட்டேன். ஆனா இதுல வண்டி ஓடி இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

அதன் ஓரத்தில் புகைபோக்கி வைத்த ஒரு கட்டடம் இருந்தது. அதற்கு மேல் சிவப்பு அடையாளம் விட்டு விட்டு எரிந்தது. "அது என்ன அத்தை?" என்றான் டன்.

அத்தை கொஞ்சம் தயங்கினார். "அது உங்க ஏசி கடை மாப்பிள்ளை. வேற கட்டடம் கிடைக்கல, தொழிற்சாலையையே வச்சுட்டேன். சத்தம் ஜாஸ்தின்னு அக்கம்பக்கத்துல புகார்."

கடைக்காரம்மா டன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சங்கதியைச் சொன்னார். அவன் சொன்ன தொகைக்குள் இரண்டும் அடங்காது. நீளக் கார்டு வேண்டுமென்றால் நடுத்தர பிராசசர். டாப் பிராசசர் வேண்டுமென்றால் ஒற்றை ஃபேன் வைத்த குட்டிக் கார்டு. குட்டிக் கார்டிலும் அவன் ஆட்டம் அந்த அறுபதுக்குக் குறையாமல் ஓடும், சில அலங்காரங்களைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இது அத்தை காதிலும் விழுந்துவிட்டது. "நடுத்தரமே போடுங்கம்மா" என்று உடனே சொன்னார். "மாப்பிள்ளை ஆசைப்பட்டு வந்திருக்கார். நான் வேணா கிழக்குப் பக்கத்தை இடிச்சிடறேன். எழுபதாயிரம் பேர் குறைவாங்க, சரியா ஓடும்."

"ஐயையோ, அவங்க எங்க போவாங்க?" என்றார் டீ கொண்டுவந்தவர், நிஜமாகவே பதறிப்போய்.

டன் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் டாப் மாடல் வெத்து ஜம்பம் என்று ஊரறியச் சொல்லியிருந்தான். இப்போது அதையே கேட்டால் மானம் என்னாவது? கேட்காவிட்டால் எழுபதாயிரம் பேர் வீடு போகும். அந்த நீளக் கார்டு வேறு கண்ணுக்குள்ளேயே நின்றது. மனைவிக்குப் போன் போட்டான்.

அவள் முழுக் கதையையும் கேட்டாள். கால் நீட்டிய இடத்தை மட்டும் இரண்டாவது முறை சொல்லச் சொன்னாள். சிரித்து முடித்தபின், "எங்கம்மாவுக்காகன்னு நீங்க ஒண்ணும் தியாகம் பண்ண வேண்டாம். அப்புறம் வருஷம் பூரா சொல்லிக் காட்டுவீங்க" என்றாள்.

"நான் எப்ப சொல்லிக் காட்டினேன்?"

"சோபா."

டன் அவசரமாகப் பேச்சை மாற்றினான். "இப்ப நான் என்னதான் பண்ண?"

"வேலைக்குப் போற இடத்துல என்ன பண்ணுவீங்களோ அதைப் பண்ணுங்க. எங்கம்மாவை மறந்துடுங்க, உங்களையும் மறந்துடுங்க. யார் ரூம் பெருசு?"

கேட்ட மாத்திரத்தில் விடை வந்துவிட்டது. ஐந்து பேர் ஒரு பாழுங்கட்டடத்துக்குள் ஓடுவது எங்கே, மூன்று லட்சம் பேர் வேலைக்குப் போவது எங்கே! டன் படிக்கட்டில் நின்றபடி மூக்கைச் சொறிந்துகொண்டான். தன்னுடையது பத்துக்குப் பத்து. அத்தையுடையது கல்யாண மண்டபம்.

உள்ளே போய், தொண்டையைச் செருமிக்கொண்டு, "டாப் மாடலே போட்டுடுங்கம்மா. குட்டிக் கார்டு" என்றான். ஜம்பம் பற்றி அவனிடம் உபதேசம் கேட்ட அந்த ஆள் திரும்பிப் பார்த்தார். "எனக்கில்ல சார்" என்றான் டன் அவசரமாக.

"வேண்டாம் மாப்பிள்ளை..." என்று அத்தை ஆரம்பித்தார்.

"அத்தை, நான் அளந்துட்டேன். இதுதான் சைஸ். ஆனா ஒண்ணு, கூலர் நான்தான் மாட்டுவேன். அந்த விஷயத்துல யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

மாட்டினான். கடைக்காரம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சூடு கடத்தும் பசையை அவன் தடவிய நேர்த்தியையும், காற்று முன்னால் நுழைந்து பின்னால் போகும்படி ஃபேன்களைத் திருப்பி வைத்ததையும் பார்த்துவிட்டு, "பத்து வருஷமா இந்தக் கடை வச்சிருக்கேன், இவ்வளவு சுத்தமா யாரும் மாட்டிப் பார்த்ததில்ல" என்றார். காலையிலிருந்து வாங்கிய அடிக்கெல்லாம் அந்த ஒரு வாக்கியம் ஒத்தடமாக இருந்தது.

வீட்டில் கால அட்டவணை போட்டார்கள். பகல் முழுக்க அத்தைக்கு, சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை டன்னுக்கு, அதற்குப் பிறகு மறுபடி அத்தைக்கு. அத்தை அதை அளவுகோல் வைத்துக் கோடு போட்டு எழுதிச் சுவரில் ஒட்டினார். முதல் இரண்டு நாள் ஒழுங்காக நடந்தது. மூன்றாம் நாள் ஐந்து மணிக்கு டன் வந்து நின்றபோது, நான்காவது பாலத்தில் வாகன நெரிசல் என்று சொல்லி அத்தை எழுந்திருக்க ஐந்தரை ஆக்கினார். டன் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "அங்க சிக்னலை எடுத்துடுங்க அத்தை, ரவுண்டானா வைங்க" என்று சொல்லப்போய், அதில் நெரிசல் இரண்டு மடங்காகி, அன்றைய ஆட்டமே போய்விட்டது.

அந்தச் சனிக்கிழமை வேறொன்று நடந்தது. டன் ஹெட்போனை மாட்டி ஆடிக்கொண்டிருந்தான். பல் டாக்டர் அன்றும் தன் பதினாறு கோரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். டன், "நம்ம வீட்லயும் அதேதான் டாக்டர்" என்றான். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அந்த மௌனத்துக்காகவே குட்டிக் கார்டோடு காலம் தள்ளலாம் போலிருந்தது.

ஆட்டம் என்னவோ சரியில்லை. இடிந்த ஆஸ்பத்திரி ஒன்றின் இரண்டாம் மாடியில் எதிரணி ஒளிந்துகொண்டது. ஏறுவதற்கு ஒரே படி. ஏறுகிறவனையெல்லாம் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். துவைத்த துணியை மடித்தபடி அத்தை பின்னால் வந்து நின்றது டன்னுக்குத் தெரியாது.

"இது என்ன கட்டடம் மாப்பிள்ளை?"

"ஆஸ்பத்திரி அத்தை" என்றான் திரும்பாமல்.

"இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரே படியா? இருக்காது. பின்னாடி தீ விபத்துப் படி ஒண்ணு இருக்கும். அது இல்லாம எவனும் அனுமதி குடுக்க மாட்டான்."

"இது விளையாட்டு அத்தை. யார் அனுமதி கேக்கப் போறா?"

"வரைஞ்சவன் எங்கயாவது படிச்சிருப்பான்ல? சமையலறைக்குப் பின்னாடி போய்ப் பாருங்க. அந்தச் சுவர் தேவையில்லாம ரெண்டடி வெளிய நீட்டிக்கிட்டிருக்கு."

இரண்டு வருடமாக டன் ஆடுகிற கட்டடம் அது. வேறு வழியில்லாமல் சமையலறைக்குப் பின்னால் போனான். அடுக்கி வைத்த மரப்பெட்டிகளுக்கு அந்தப் பக்கம், துருப்பிடித்த இரும்புப் படி ஒன்று சுழன்று மேலே போனது.

"பின்னாடி படி இருக்கு! எல்லாரும் வாங்க!" என்று மைக்கில் கத்தினான். ஐந்து பேரும் சத்தமில்லாமல் ஏறி, முன்படியையே பார்த்துக்கொண்டிருந்த எதிரணியைப் பின்னாலிருந்து பிடித்தார்கள். ஒரு நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது. ஹெட்போனில் கூச்சல் அடங்க நேரமானது.

"யாருப்பா உன் பக்கத்துல? அந்தப் படியைச் சொன்னது யாரு?" என்றார் டாக்டர்.

"எங்க அத்தை."

"அவங்களைக் கொஞ்சம் இருக்கச் சொல்லு. அடுத்தது பெரிய கட்டடம், ரயில்வே ஸ்டேஷன்!"

டன் ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து விலக்கி, திரும்பிப் பார்த்தான். அத்தை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி ஏழு அடிக்க மூன்று நிமிடம்.

"ஸ்டேஷன்னா பிளான் பெருசா இருக்கும், உட்கார்ந்து பார்க்கணும்" என்றார் அத்தை. மடித்த துணிகளைக் கட்டிலில் வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து டன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "ஒரே ஒரு ஆட்டம்தான். எட்டு மணிக்கு எங்க ஊர்ல புது பஸ் ஸ்டாண்டு திறப்பு. நான் இல்லாம பண்ண முடியாது."